புகைக்குக் கீழே ஒரு பூஜ்யம்

அத்தியாயம் 9

"இந்தப் பூஜ்யத்தைக் கொஞ்சம் பாரு" என்று காகிதத்தை நீட்டினார் தட்சிணாமூர்த்தி.

பூங்கோதை வாங்கிப் பார்த்தாள். காலை எட்டரை மணி. டெல்லி போகல் மார்க்கெட்டில், ஒரு தையல் கடைக்கு மேலே இருந்தது அவர்களுடைய ஒற்றை அறைத் துப்பறியும் அலுவலகம். ஜன்னலைச் சாத்தியும் புகை எப்படியோ உள்ளே வந்துகொண்டிருந்தது. 1987 ஜனவரி. கீழே கடைக்காரர்கள் நாலு பேர் உடைந்த பெட்டி ஒன்றைக் கொளுத்திக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள்.

"பார்த்தாச்சு சார். அச்சா பூஜ்யம். என் காலேஜ் மார்க் ஷீட்ல இருந்ததைவிட உருண்டையா இருக்கு."

தட்சிணாமூர்த்தி சிரிக்கவில்லை. அவர் இருபது வருஷம் போலீஸ் கைரேகைப் பிரிவில் பூதக்கண்ணாடியோடு குடும்பம் நடத்திவிட்டு, ஒரு நாள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவர். நகைச்சுவைக்கென்று தனியாக ஆள் வைத்திருக்கும்போது தான் வேறு எதற்குச் சிரிக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

இந்த வாரம் அவருக்கும் பூங்கோதைக்கும் சிரிக்க அதிகம் இருக்கவில்லை என்பதும் உண்மை.

போன வருஷம் ஜனவரி ஒன்பதாம் தேதி, காலை ஏழு மணி வாக்கில், ஒரு கந்தக அமிலத் தொழிற்சாலையின் பின்சுவரை ஒட்டியிருந்த தமிழர் குடிசைகளில் நாலு பேர் மூச்சு முட்டிச் செத்துப்போனார்கள். தேஜாப் என்றால் இந்தியில் அமிலம்; தேஜாப் கம்பெனி என்றுதான் அக்கம்பக்கத்தில் அதற்குப் பெயர். கம்பெனியிலிருந்து வாயு வந்தது என்றார்கள் குடிசைக்காரர்கள். எதுவும் வரவில்லை என்றது கம்பெனி. அன்று காலை குப்பைமேட்டில் பழைய டயர்களைக் கொளுத்தியவன் வடிவேல் என்று தெரிந்ததும் போலீஸ் அவனைப் பிடித்துக்கொண்டு போனது. டயர் புகைதான் நாலு பேரையும் கொன்றது என்று கேஸ். பத்து வருஷம் வரை உள்ளே தள்ளக்கூடிய பிரிவு.

செத்த நாலு பேரில் ஒருத்தி வடிவேலின் மகள் செல்வி. ஆறு வயது.

வடிவேலின் மனைவி ஆராயி இந்தக் கட்டடத்தில்தான் கூட்டிப் பெருக்குகிறாள். நாலு நாளைக்கு முன்னால் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "சாரு, நீங்க கண்டுபிடிக்கிறவராமே?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் கேஸ் இவர்கள் மேசைக்கு வந்துவிட்டது.

இப்போது பூங்கோதையின் கையில் இருந்த காகிதம்தான் வடிவேலுக்கு எதிரான பெரிய ஆயுதம். அமெரிக்க சாட்டிலைட் ஒன்று தினமும் டெல்லியின் மேலே பறந்து எடுத்த அளவுகளை வைத்து, இங்கே ஓர் அரசாங்க ஆராய்ச்சிக் கூடம் தயாரித்த பட்டியல். எந்தத் தேதியில் டெல்லிக் காற்றில் கந்தக வாயு எவ்வளவு என்று அதில் இருந்தது. கம்பெனி அதைப் போலீஸுக்கு வாங்கிக் கொடுத்திருந்தது. ஜனவரி ஒன்பதுக்கு எதிரே பூஜ்யம். வானத்திலிருந்தே பார்த்தாயிற்று, வாயு இல்லை, முடிந்தது விஷயம்.

"மத்த தேதிகளைப் படி" என்றார் தட்சிணாமூர்த்தி.

"மூணாம் தேதி 1.7. நாலு, 0.6. அஞ்சு, 0. ஆறு, 2.3. ஏழு, 0. எட்டு, 0. ஒன்பது, 0."

"என்ன வித்தியாசம்?"

பூங்கோதை மறுபடி பார்த்தாள். "மத்ததுக்கெல்லாம் புள்ளி வச்சு ஒரு எண் இருக்கு. பூஜ்யத்துக்குப் புள்ளி இல்லை."

"கீழே காய்கறிக்காரன் தராசைப் பாத்திருப்பே. ரெண்டு தட்டும் காலியா இருந்தாலும் முள்ளு நடுவில நிக்காது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் ஆடிக்கிட்டே இருக்கும். எந்தக் கருவியும் அப்படித்தான். காத்துல ஒண்ணுமே இல்லைன்னாலும் 0.2, 0.4னு எதையாவது முனகும். இவ்வளவு சுத்தமான பூஜ்யத்தை மிஷின் போடாது. மனுஷன்தான் போடுவான்."

"எந்த மனுஷன்?"

"அடியில கையெழுத்து இருக்கே."

பூங்கோதை கையெழுத்தைப் படித்தாள். அவள் புருவம் உயர்ந்தது. "ராமசுப்ரமணியன். அட, நம்ம ராமு அங்கிள். கிட்வாய் நகர்ல எங்க பிளாக்குக்கு எதிர் பிளாக். நான் படிச்ச காலத்துல அவர் பொண்ணோட பென்சில்லதான் பரீட்சையே எழுதினேன்."

"திருப்பிக் கொடுத்தியா?"

"அதுக்குள்ள அவளுக்குக் கல்யாணமாயிடுச்சு சார்."

தட்சிணாமூர்த்தி கோட்டை மாட்டிக்கொண்டார். இன்று சனிக்கிழமை. மத்திய அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை; ராமசுப்ரமணியன் வீட்டில் இருப்பார். கோர்ட்டுக்கு விடுமுறை இல்லை. வடிவேலின் கேஸ் பகல் இரண்டு மணிக்கு.

*

கிட்வாய் நகரில் ஒவ்வொரு பிளாக்குக்கு முன்னாலும் அங்கீட்டிகள் புகைந்துகொண்டிருந்தன. காஸ் சிலிண்டர் வந்து சேராத வீடுகளில் பெண்கள் கரியடுப்பைப் பற்றவைத்து, புகை அடங்கும்வரை வெளியே கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். அடங்கிய பிறகு அடுப்பு உள்ளே போகும். புகை எங்கேயும் போகாது. பூங்கோதை பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி.

ராமசுப்ரமணியன் மங்கி குல்லாவோடு கதவைத் திறந்தார். ஐம்பது தாண்டியவர். பூங்கோதையைப் பார்த்ததும் மலர்ந்த முகம், பின்னால் நின்றவர் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்ததும் சுருங்கியது.

"அனந்தலக்ஷ்மி, ரெண்டு காப்பி" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு உட்காரச் சொன்னார். "அந்தக் கேஸைப் பத்தின்னா என்கிட்டே சொல்றதுக்கு ஒண்ணுமில்லே. சாட்டிலைட் வாயுவைப் பார்த்ததான்னு கேட்டா. பார்க்கலைன்னு சொன்னேன். அது சத்தியம்."

"அது சத்தியம்னு எனக்கும் தெரியும்" என்றார் தட்சிணாமூர்த்தி.

காப்பி வந்தது. பூங்கோதை டம்ளரோடு எழுந்து ஜன்னல் பக்கம் போனாள்.

"அங்கிள், எங்கம்மா மாடியில துணி காயப்போட்டிருக்காங்களான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன். எனக்குக் கண்ணாடி மாத்தணும்."

ராமசுப்ரமணியன் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "இந்தப் புகையில என்னத்தைத் தெரியறது? பிளாக்கே தெரியலை."

"சும்மா சொல்லுங்க அங்கிள். துணி இருக்கா, இல்லையா?"

"தெரியலைன்னா தெரியலைதான். தெரியாததை இல்லைன்னு எப்படிம்மா சொல்றது?"

"பட்டியல்ல ஏன் அப்படி எழுதலை?" என்று கேட்டார் தட்சிணாமூர்த்தி, நாற்காலியை விட்டு அசையாமல்.

ராமசுப்ரமணியன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே நின்றார். உள்ளே அனந்தலக்ஷ்மி பாத்திரம் எடுத்துவைக்கும் சத்தம் கேட்டது. அவர் குல்லாவைக் கழற்றி மடித்தார். பிரித்தார். திரும்ப மடித்தார்.

"சூரிய வெளிச்சம் பூமிக்கு வந்து திரும்ப மேலே போறது" என்று ஆரம்பித்தார். "அதுல நம்ம கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒண்ணு உண்டு. கந்தக வாயு அந்தக் கதிரைக் கொஞ்சம் தின்னுடும். எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு சாட்டிலைட் பார்க்கும். அதை வச்சு வாயு எவ்வளவுன்னு நாங்க கணக்குப் போடுவோம். இதுதான் வேலை."

"புகை?"

"கரிப்புகையும் அதே கதிரைத்தான் தின்னும். வாயு தின்னுதா, புகை தின்னுதான்னு மேலே இருக்கிறவனுக்குத் தெரியாது. புகை கெட்டியா இருந்துட்டா வெளிச்சம் அதுக்குக் கீழே போய்ட்டு வர்றதே இல்லே. கீழே என்ன இருந்தாலும் சாட்டிலைட்டுக்கு ஒண்ணுதான். அதனால நானே ஒரு விதி வச்சிருந்தேன். புகை மறைச்ச நாள்ல கம்ப்யூட்டர் எண் போடக் கூடாது. 999னு போடணும். தெரியாதுன்னு அர்த்தம்."

"ஒன்பதாம் தேதி?"

ராமசுப்ரமணியன் உள்ளே போனார். திரும்பி வந்தபோது, ஓரத்தில் வரிசையாகத் துளை போட்ட நீளமான கம்ப்யூட்டர் தாள் ஒன்று அவர் கையில் மடிந்து தொங்கியது. பூங்கோதை அதை விரித்தாள். ஐந்தாம் தேதி 999. ஏழு 999. எட்டு 999. ஒன்பது 999. பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று. கீழே போகப் போக மூன்று ஒன்பதுகளாகவே வந்துகொண்டிருந்தன.

"குளிர்காலம் பூரா இப்படித்தான்" என்றார் ராமசுப்ரமணியன். "மூணு வருஷ உழைப்பு. காத்து எப்போ ரொம்ப மோசமோ அப்போதான் அதுக்குக் கண்ணு தெரியறதில்லே. இதை அப்படியே டைப் அடிச்சுக் கொடுத்தா, இந்த வேலையே எதுக்குன்னு ஆபீஸ்ல கேப்பா. டைப்பிஸ்ட் வந்து, 999க்கு என்ன போடட்டும்னு கேட்டான். நான்தான் பூஜ்யம் போடுன்னேன். ஒரு பட்டியல்தானேன்னு நினைச்சேன். அது ஒரு மனுஷனைத் தேடிண்டு போகும்னு நினைக்கலை."

"சாட்டிலைட் எத்தனை மணிக்கு டெல்லி மேல வரும்?"

"பகல் பன்னண்டு."

"செத்தது காலையில ஏழு மணிக்கு."

"தெரியும்."

"அப்ப அஞ்சு மணி நேரம் லேட்டா வந்த சாட்சி" என்றாள் பூங்கோதை. "அதுவும் கண் தெரியாத சாட்சி. மௌனச்சாமியைக் கூப்பிட்டு பாட்டுப் பாடச் சொன்ன மாதிரி."

அவள் வழக்கமாக இதுபோல ஏதாவது சொன்னால் ராமு அங்கிள் சிரிப்பார். இன்றைக்கு அவர் தாளைச் சுட்டி, "எடுத்துண்டு போங்கோ. கோர்ட்ல கூப்பிட்டா வந்து சொல்றேன்" என்றார். வாசல்வரை வந்து, "அந்தக் குழந்தைக்கு என்ன வயசு?" என்று கேட்டார்.

"ஆறு" என்றாள் பூங்கோதை.

*

ஆட்டோவில் பூங்கோதைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மடியில் இருந்த கம்ப்யூட்டர் தாளை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தாள். காற்றில் பறந்துவிட்டால் வடிவேலும் பறந்துவிடுவான்.

"முடிஞ்சது சார். இந்தப் பட்டியல்தான் அவங்களோட பெரிய தூண். அதை உருவியாச்சு. இன்னொண்ணும் இருக்கு. டெல்லி மொத்தத்தையும் மறைக்கிற அளவுக்குப் புகைன்னா அது நாலு டயர் விட்ட புகையா? ஊர்ல இருக்கிற அங்கீட்டி எல்லாம் சேர்ந்து விட்டது. எங்கம்மா அடுப்பு உள்பட. அப்படிப் பார்த்தா எங்கம்மாவையும் கைது பண்ணணும். எங்கப்பா சந்தோஷப்படுவார்."

தட்சிணாமூர்த்தி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க?"

"தூணை உருவினா மேலே இருக்கிறது யார் தலையில விழும்னு யோசிக்கிறேன்."

அது என்ன பதில் என்று பூங்கோதைக்குப் புரியவில்லை. கோர்ட் வாசலில் ஆட்டோ நின்றபோது மணி ஒன்றரை. வராந்தாவில் ஆராயி காத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, கையில் ஒரு தூக்குச்சட்டி. வடிவேலுக்குச் சோறு. உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கொண்டுவருவாள்.

பூங்கோதை அவள் கையைப் பிடித்து, "அக்கா, கிடைச்சிருக்கு" என்றாள்.

ஆராயி நம்பாத கண்களோடு தாளைப் பார்த்தாள். ஒரு வருஷமாகக் காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவள். எதுவும் அவளுக்கு நல்லது செய்ததில்லை.

*

எல்லாம் பத்து நிமிஷத்தில் நடந்து முடிந்தது.

வடிவேலுக்காக அரசாங்கம் நியமித்த இளம் வக்கீல், தட்சிணாமூர்த்தி சொன்னதைச் சரியாகவே எடுத்துச் சொன்னார். பட்டியலில் இருக்கும் பூஜ்யம் வாயு இல்லை என்பதற்கான பூஜ்யம் அல்ல. புகையால் பார்க்க முடியவில்லை என்பதை மறைத்த பூஜ்யம். இதோ அசல். தயாரித்தவரே வந்து சொல்லத் தயார்.

ஜட்ஜ் கம்ப்யூட்டர் தாளை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

சர்க்கார் வக்கீல் மெல்ல எழுந்தார். அவர் முகத்தில் எந்தக் கலக்கமும் இல்லை. "ஹுஸூர், நண்பர் சொல்வது சரியாகவே இருக்கலாம். நாங்கள் இந்தப் பட்டியலை வலியுறுத்தவில்லை. கோப்பிலிருந்து நீக்கிவிடலாம்."

ஜட்ஜ் பேனாவால் ஒரு கோடு போட்டார். நீக்கியாயிற்று.

பூங்கோதைக்கு அப்போதுதான் உறைத்தது. குடிசைக்காரர்கள் வாயு, கண் எரிச்சல் என்று கதறியது எதையும் ஸ்டேஷனில் எழுதிக்கொள்ளவில்லை. அந்தக் கோப்பில் கந்தக வாயு என்ற வார்த்தை வந்த ஒரே காகிதம் கம்பெனி கொடுத்த அந்தப் பட்டியல்தான். அது போனதும் வாயுவும் போயிற்று. இப்போது கோப்பில் மிச்சம் இருந்தது நாலு பிணங்களும் ஒரு டயர் நெருப்பும்தான். தூணை உருவினால் மேலே இருப்பது யார் தலையில் விழும் என்று தட்சிணாமூர்த்தி ஆட்டோவில் கேட்டது இதைத்தான்.

கூண்டில் வடிவேல் தலை குனிந்து நின்றிருந்தான். ஒரு வருஷத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வழக்கப்படி ஜட்ஜ் குற்றச்சாட்டைப் படித்துக்காட்டிவிட்டுக் கேட்டார்:

"ஜுர்ம் கபூல் ஹை?"

குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா? வக்கீல் அவனைப் பார்த்து இல்லை என்று தலையாட்டினார். நூறு தடவை சொல்லிக்கொடுத்த பதில்.

"கபூல்" என்றான் வடிவேல்.

வக்கீல் பதறிப்போய் ஏதோ சொல்ல, ஜட்ஜ் கையமர்த்தினார். யாராவது மிரட்டினார்களா என்று ஜட்ஜ் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் வடிவேல் இல்லை என்றான். தண்டனை திங்கட்கிழமை. அடுத்த கேஸ்.

*

வராந்தாவின் கடைசியில், ஜெயில் வண்டி வரும்வரை கைதிகளை உட்காரவைக்கும் பெஞ்சு ஒன்று இருந்தது. காவலுக்கு நின்ற ஹரியானாக்காரக் கான்ஸ்டபிளிடம் பூங்கோதை இந்தியில் இரண்டு வார்த்தை பேசினாள். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நாலடி தள்ளி நின்றார்.

"ஏன்யா அப்படிச் சொன்னே?" என்று ஆராயி கேட்டாள். கோபமில்லை.

வடிவேல் விலங்கு பூட்டிய கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நான்தானே கொளுத்துனேன். புள்ளைங்கெல்லாம் இருமுதுங்க, கண்ணத் தொறக்க முடியலங்குதுங்க. நெருப்பு போட்டா அந்தச் சூட்டுல கெட்ட காத்து மேல போயிடும்னு நெனச்சேன். டயர இழுத்துப் போட்டேன். அப்புறம் கோர்ட்டுல சொன்னாங்க. மேலருந்து மிஷினு பாத்திருக்குதாம், காத்துல ஒண்ணுமே இல்லியாம். மிஷினு எதுக்கு சாரு பொய் சொல்லணும்? அதுக்கு என்னயத் தெரியுமா, கம்பெனிக்காரனத் தெரியுமா? காத்துல ஒண்ணுமில்லன்னா மிச்சம் எம்புகதான். எம்பொண்ண நான்தான் கொன்னேன்."

போலீஸ், கம்பெனி, கோர்ட் என்று யார் யாரையோ அந்தப் பூஜ்யம் நம்பவைத்திருக்கும் என்று இவர்கள் கணக்குப் போட்டார்கள். அதை முழுசாக நம்பியவன் இங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

பூங்கோதை அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, அந்த மிஷின் பாக்கவே இல்லை. அன்னிக்கு டெல்லி பூராவும் புகை. ஊர்ல இருக்கிற எல்லா அடுப்புப் புகையும். அதுல அதுக்குக் கண்ணு தெரியலை. தெரியலைன்னுதான் அது எழுதிச்சு. பூஜ்யம் அப்புறமா ஒரு ஆள் போட்டது."

வடிவேல் முதல்முறையாக நிமிர்ந்தான். "பாக்கலியா?"

"பாக்கலை."

அவன் யோசித்தான். படிக்காதவன்தான். ஆனால் அவன் யோசித்த வழியில் ஒரு வக்கீல்கூடப் போகவில்லை.

"அப்ப வாயு வந்துச்சின்னு அது சொல்லல."

"இல்லை."

"எம்புக கொல்லலன்னும் சொல்லல."

காலையிலிருந்து ஊரெல்லாம் ஓடிப் பிடித்துக்கொண்டுவந்த உண்மை, தெரியாது என்கிற உண்மை. அதைக் கொண்டுவந்து இவன் கையில் வைத்தால் இவன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

தட்சிணாமூர்த்தி ஆராயியின் பக்கம் திரும்பினார். அவர் குரல் மாறியிருந்தது. கைரேகைப் பிரிவில் இப்படித்தான் பேசியிருப்பார் என்று பூங்கோதைக்குத் தோன்றியது.

"ஆராயி, அன்னிக்குக் காலையில டயர் புகையில எதெல்லாம் கறுத்துப்போச்சு? ஒண்ணு விடாம சொல்லு."

"எல்லாந்தான் சாரு. தகரம், பான, செவுரு, கொடியில கெடந்த துணி. கரி அப்புன மாதிரி. எட்டு நாளு தேச்சேன்." அவள் போர்வை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பாவாட மட்டுந்தான் வெளுத்துப்போச்சி."

"எந்தப் பாவாடை?"

"செல்விப் பொண்ணுது. செகப்புப் பாவாட. பொங்கலுக்குன்னு எடுத்தது. ராத்திரி கஞ்சி கொட்டிக்கிச்சின்னு விடியக்காலம் அலசி, கம்பெனிச் செவுத்தாண்ட வெளியில போட்டேன். சொட்டச் சொட்டக் கெடந்திச்சி. கண்ணு எரியவும் புள்ளையத் தூக்கிக்கினு, பாவாடையயும் இழுத்துக்கினு உள்ள ஓடியாந்தேன். பாத்தா ஒரு பக்கம் பூரா வெளுத்துக் கெடக்குது. மட்டமான சாயம், கடக்காரன் ஏமாத்திப்புட்டான்னு நெனச்சேன். சாயம் போன துணியப் போட்டு அனுப்பிட்டனேன்னு இன்னிக்கும் வவுறு எரியுது சாரு."

தட்சிணாமூர்த்தி மெதுவாகக் கேட்டார். "நீ பாவாடையை எடுத்து உள்ளே வந்தப்ப வடிவேல் டயரைக் கொளுத்திட்டானா?"

"இல்ல சாரு. நான் உள்ள வந்து புள்ளைக்கு மூஞ்சி கழுவிவுட்டப்புறந்தான் இவுரு வெளிய ஓடுனாரு."

தட்சிணாமூர்த்தி பெஞ்சில் வடிவேலின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வடிவேலு, நான் சொல்றதை நல்லாக் கேளு. புகை எதையும் வெளுக்காது. புகை கறுப்புதான் ஆக்கும். ஈரத்துணியில சாயத்தை வெளுக்கிறது கந்தக வாயு. நீ நெருப்பு வைக்கிறதுக்கு முன்னாடியே அந்தப் பாவாடை வெளுத்திருக்கு. நீ நெருப்பு வைக்கிறதுக்கு முன்னாடியே வாயு வந்தாச்சு. இதுல தெரியாதுங்கிற பேச்சே இல்லை. தெரியும்."

ஆராயி தூக்குச்சட்டியை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

பூங்கோதை எழுந்து ஓடினாள். வக்கீல் வேறொரு கோர்ட் வாசலில், வேறொரு கோப்போடு நின்றிருந்தார். மூச்சு வாங்கச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஒப்புக்கொண்டதைத் திரும்பப் பெற மனு போடலாம். சாட்சிப் பொருள் என்ன இருக்கிறது?"

"ஒரு பாவாடை."

"எங்கே?"

குழந்தையோடு அது புதைந்திருந்தது யமுனைக் கரையில். ஆகஸ்ட் வெள்ளத்தில் அந்தக் கரையே இல்லாமல்போயிருந்தது. பூங்கோதை இதைச் சொல்லி முடித்தபோது வக்கீல் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவர் நல்லவர். "மனு போடுகிறேன்" என்றார். போடவும் செய்தார். திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு அது தள்ளுபடியாயிற்று. பதினொன்றே காலுக்கு ஏழு வருஷம் என்று தீர்ப்பாயிற்று. ராமசுப்ரமணியன் கோட்டும் டையுமாக வந்து வராந்தாவில் காத்திருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை.

சனிக்கிழமை மாலை அவள் திரும்பி ஓடிவந்தபோது வடிவேலை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நீல வண்டி. ஜன்னலுக்குக் கம்பிவலை. தட்சிணாமூர்த்தி ஒரு தூணோரமாக நின்றிருந்தார். ஆராயி வண்டியை ஒட்டி நின்று, தூக்குச்சட்டியை வாங்கிக்கொள்ளும்படி கான்ஸ்டபிளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் முடியாது என்று கையை ஆட்டினார்.

பூங்கோதை போய் ஆராயியின் பக்கத்தில் நின்றாள்.

என்ஜின் உறுமியது. கம்பிவலைக்குப் பின்னால் வடிவேலின் முகம் தெரிந்தது.

"ஆராயி" என்று கூப்பிட்டான். "எந்தப் பக்கம் வெளுத்திருந்துச்சி?"

ஆராயி வண்டியோடு இரண்டடி நடந்தாள்.

"கம்பெனியப் பாத்த பக்கம்" என்றாள்.

வடிவேல் கம்பிவலையில் நெற்றியை வைத்துக்கொண்டான். ஒரு வருஷமாக மகளுக்காக அழப் பயந்தவன், அப்போதுதான் அழ ஆரம்பித்தான். வண்டி திரும்பி, வாசலைத் தாண்டி, புகைக்குள் போய்விட்டது.